கடைசேர்ந்தது

எல்லைக் கதவைத் தாண்டி நடந்து வருகிறவர்களின்
வாயைப் பார்ப்பது என் பிழைப்பு.
அல்கொதோனெஸ், காலை எட்டு மணி.
பல்லா, கண்ணாடியா, மாத்திரையா
என்று கூவுவேன்.
ஓர் ஆளைப் படியேற்றினால் ஐந்து டாலர்.
பல் நட ஒத்துக்கொண்டால் நாற்பது.

சிரிக்காதவர்களிடம்தான் முதலில் போவேன்.

வெர்ன் ஹாலுபெக் வாயைக் கையால் மூடிக்கொண்டு வந்தார்.
நெப்ராஸ்காவில் மாட்டு ஏலம் விடுகிறவர்,
முப்பத்தொரு வருடமாக.
மூச்சு விடாமல் விலை ஏற்றிய நாக்கு.
கீழ்வரிசை போனபின்
அறுநூறு எது எழுநூறு எது என்று
வாங்குகிறவன் சண்டைக்கு வந்தானாம்.
பல் போனால் சொல் போச்சு என்பது
மற்றவர்களுக்குப் பழமொழி.
அவருக்கு அது சம்பளம்.

கழற்றி மாட்டுகிற செட் ஒன்றும் இருந்தது,
சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றி.
ஏலத்தின் நடுவே ஒருநாள்
அது தெறித்து மைக்கில் மோதிய சத்தத்தில்
ஒரு கிடேரி வேலி தாண்டி ஓடியதாம்.
இதைச் சொல்லும்போது மட்டும்
கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

அங்கே கேட்ட விலை முப்பத்திரண்டாயிரம்.
காப்பீட்டுக்காரர்களின் கணக்கில்
வாய் உடம்பில் சேர்த்தியில்லை.
இங்கே டாக்டர் மரிசெலா ஓரோஸ்கோ
படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி சொன்னார்:
நாலு திருகு, மேலே ஒரு வரிசை, பதினோராயிரம்.
எட்டு, என்றார் வெர்ன். பழக்கதோஷம்.
பதினொன்று. எலும்பும் மெலிந்திருக்கிறது,
செடிக்கு மண் அணைப்பது போல
அணைக்க வேண்டும். அதற்கு எண்ணூறு.
குறைக்கக் கேட்டால் ஏறுகிறதே என்று
என்னைப் பார்த்தார்.
நான் செருப்பைப் பார்த்தேன்.

டாக்டர் விரலால் அவர் உதட்டைத் தூக்கியபோது
கதவருகே நின்றிருந்தேன்.
கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
நானும் இப்படித்தான் தூக்குவேன்.
ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைசேர்ந்தது.
கொட்டிப்போனது என்றால் கறிக்கு.
யாரும் பதில் சொல்லவில்லை.
எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும்
இரைந்துகொண்டிருந்தது.

டிரக்கை விற்றார்.
ஆறு நாள் சூப்.
திருகு நாலில் ஒன்று எலும்பில் பிடிக்காமல்
ஆடத் தொடங்கி, திரும்ப வந்தார்.
மறுபடி நட்டதற்குக் காசு வாங்கவில்லை டாக்டர்.
விமானச் சீட்டும் விடுதி வாடகையும்
கன்னத்தில் ஐஸ் கட்டியோடு
டிவி பார்த்த இரண்டு ராத்திரியும்
அவர் கணக்கு.
மலிவு என்று நான் கூவும்போது
இவை அதற்குள் இருப்பதில்லை.

பிறகு ஏழு மாதம்.
வந்தவர் நேரே வண்டிக்காரனிடம் போய்
ஒரு சுட்ட சோளக்கதிர் வாங்கினார்.
அவர் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் சோளம்தான்.
இருந்தும் நாலு வருடமாய்க்
கத்தியால் சீவித்தான் தின்றாராம்.
எலுமிச்சை, மிளகாய்த்தூள், மோவாயெல்லாம் வெண்ணெய்.
எப்படி இருக்கிறது என்றேன்.
பலமாக இருக்கிறது.
ஆனால் கடிப்பது பல்லுக்குத் தெரியவில்லை.
சத்தம் காதுக்கு வந்தபிறகுதான்
உடைந்தது என்று புரிகிறது.
இன்னொரு கடி கடித்தார்.
பரவாயில்லை, என்றார், மாடுகளுக்கு என்ன தெரியும்.

அப்புறம் தெருவில் நின்றபடியே
என் செருப்பை ஏலம் விட்டார்.
இருபது, இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து,
ஓர் எழுத்துகூடச் சிந்தாமல்.
மருந்துக்கடைப் பெண் நாற்பதுக்குக் கை தூக்கினாள்.

எனக்கு இடப்பக்கம் மேலே ஒன்று இல்லை,
மூன்று வருடமாக.
அதை நட இருபத்தைந்து பேரைச் சம்மதிக்க வைத்தால் போதும்.
பத்தாவது ஆளுக்குள் வாடகை வந்துவிடுகிறது.

கிளம்பும்போது அவர்
என் மோவாயைப் பிடித்து
வெயிலுக்குத் திருப்பினார்.
ஆறு பல், என்றார்.
விலை சொல்லவில்லை.